ஆட்டம் முடியுமுன் விழுந்த மாலை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கம், சளி எல்லாவற்றையும் நேற்றே போனில் விசாரித்துவிட்டதால் இதில் நலம் விசாரிப்பு கிடையாது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ முகம் சுளிப்பாய். என்ன செய்வது, மாமா பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. சென்னையில் தெருவுக்குத் தெரு டவர் நட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். என் அண்ணன் பெயரைச் சொன்னதும் அத்தனை டவரும் எப்படி ஒன்றாகப் படுத்துவிடுகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த அன்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா எனக்கு மாலை போடக் கூடாதும்மா. மண்டபத்துக்கே வரக் கூடாது" என்றாய். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் எந்த மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டேன். அதற்கு நீ, "அவரு மாலையத் தூக்கிட்டு நடந்து வர்றத நெனச்சாலே எனக்கு அந்த விசில் சத்தம் கேக்குதும்மா. கல்யாணத்தன்னைக்கும் அதக் கேக்க முடியாது" என்றாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். நீ கத்தவில்லை. அதனால்தான் போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் உன்னிடம் கெஞ்சப் போகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா காமாலையில் போனபோது நீ இரண்டாம் வகுப்பு. எனக்கு அழக்கூட நேரமில்லை. கிரைண்டரை வாசலில் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தேன். மாமா தினம் விடிவதற்குள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சம்பங்கியும் செவ்வந்தியும் கட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு வருவார். பூவைப் போட்டதும் நேரே நம் வீடுதான். உன்னை எழுப்பிக் குளிப்பாட்டி, தலை சீவி, சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவார். தலை சீவுவது என்றால் ஒரு கை எண்ணெய். பள்ளிக்கூடத்தில் உன்னை எண்ணெய்ச் சட்டி என்று கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். அதைச் சொன்னதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தடவினார். உனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்தாய். ஆசாரியைப் பார்த்ததும் நீ மாமாவின் கையைக் கடித்தாய். "கடிக்கட்டும் விடு, என் மாப்பிளதான" என்று சிரித்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பாய். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. இதைச் சொன்னால் உன் மனம் இளகும் என்று நான் நினைக்கவும் இல்லை. தெரிந்தும் இளகாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான்.

அவருக்குத் தெரிந்த விளையாட்டு கபடி ஒன்றுதான். பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடக்கும் கபடியை நீயும் பார்த்திருக்கிறாய். ஒருத்தன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். யாராவது ஒரு பெரியவர் உள்ளே போய்த் துண்டு போர்த்துவார். இன்னொருவர் சட்டையே இல்லாத உடம்பில் ரூபாய் நோட்டை எங்கே குத்துவது என்று தேடுவார். மைக்கில் பெயரைச் சொல்வார்கள். பையன் அந்தத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடப்போவான். அங்கே சந்தோஷப்பட்டதற்காக யாரையும் வெளியே அனுப்பியதில்லை. சந்தோஷத்துக்குத்தானே ஆட்டமே வைக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. மாமா அப்படித் துண்டு வாங்கியவர், அப்படித் துண்டு போர்த்தியவர். அவருக்கு வேறு தெரியாது.

நீ டவுன் பள்ளிக்கூடத்தில் போய் ஃபுட்பால் பிடித்துக்கொண்டாய். உன் பி.டி. சார் வீட்டுக்கே வந்து, "இவன் கால்ல ஏதோ இருக்கும்மா, கெடுத்துராதீங்க" என்றார். ப்ளஸ் டூ வந்தபோது சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு கோச் வந்து உன் ஆட்டத்தைப் பார்த்தார். மாவட்ட ஃபைனலில் ஜெயித்து மாநிலப் போட்டியில் ஆடிவிட்டால் சீட்டும் ஹாஸ்டலும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நீ தூக்கத்தில்கூடக் காலை உதைத்தாய். நான் மாவு ஊற்றும்போது வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டில், இந்தப் பொம்பளையிடம் மாவு வாங்கப் போனால் பந்துக் கதையும் சேர்த்துக் கட்டித் தருகிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று இருந்தேன். என் வாழ்க்கையில் வாயாரப் பெருமை பேசிய காலம் அது ஒன்றுதான்.

ஃபைனலுக்கு மாவுக்கடையை அரைநாள் மூடிவிட்டு வந்தேன். மாமா வெள்ளை வேட்டியில் ஊர்க்காரர்கள் பத்துப் பேரோடு வேனில் வந்து இறங்கினார். கையில் ஈர வாழையிலையில் சுற்றிய பெரிய பொட்டலம். பிரித்துக் காட்டினார். தன் தோட்டத்துச் சம்பங்கியும் யாரிடமோ வாங்கிய ரோஜாவும் வைத்துத் தானே உட்கார்ந்து கட்டிய மாலை. "எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிசு, புள்ள கழுத்து தாங்குமா" என்றேன். "ஜெயிச்ச பெறகுதான போடப்போறேன். சும்மா ஆட்டத்தப் பாரு பாப்பா" என்றார். ஜெயித்த பிறகு என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அது உனக்குத் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரி இரண்டு அணியையும் நிறுத்தி வைத்து ஏதோ சொன்னார். கோல் அடித்தால் சட்டையைக் கழற்றக் கூடாது, கூட்டத்திடம் போகக் கூடாது, கூட்டத்தோடு சேர்ந்து கொண்டாடினால் கார்டு என்று எச்சரித்தாராம். அதை உங்களுக்குச் சொன்னார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் அண்ணன் காதில் ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம். உனக்குச் சொன்னதே உன் காதில் ஏறவில்லையே. முதல் கோல் விழுந்ததும் பனியனைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு மைதானத்தையே சுற்றி வந்தாய். உன் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. ரெஃப்ரி மஞ்சள் கார்டைக் காட்டினார். பி.டி. சார் கோட்டுக்கு வெளியே நின்று, "இன்னொன்னு வாங்குனா வெளிய போயிருவடா. அடுத்து கோல் போட்டா பல்லக்கூடக் காட்டாத, நேரா நடுக்கோட்டுக்கு ஓடு" என்று கத்தினார். நீ தலையாட்டினாய்.

எதிரணி ஒன்று போட்டுச் சமன் செய்தது. அப்புறம் உன் இரண்டாவது கோல். மூன்று பேரை ஏமாற்றிவிட்டு, கோல் கீப்பரையும் உட்கார வைத்துவிட்டு, பந்தை மெதுவாகத் தள்ளினாய். நான் குலவை போட்டேன். பக்கத்தில் நின்ற டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. நீ சார் சொன்னபடியே நடந்துகொண்டாய். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினாய். அவ்வளவு அழகான கோல் போட்டவன் முகமாகவே அது இல்லை, பரீட்சை எழுதப் போகிறவன் முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு செய்த பிள்ளை யாரும் கண்டுகொள்ளாமல் போகிறானே என்று நினைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டார். "அப்பு, செத்த நில்லுய்யா" என்று உன்னைக் கூப்பிட்டார்.

நீ நின்றாய். அதுதான் நடந்தது. ரெஃப்ரியைப் பார்த்தாய், மாமாவைப் பார்த்தாய், அப்புறம் குனிந்து கழுத்தைக் காட்டினாய். தாய்மாமன் மாலையோடு வரும்போது விலகி ஓட உன்னை நாங்கள் பழக்கவில்லை. மாலை விழுந்தது. மாமா உன்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் உள்ளே வந்து துண்டு போர்த்தினார்கள். விசில் மேல் விசில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ரெஃப்ரி முதலில் மஞ்சளைக் காட்டினார், பிறகு சிவப்பைக் காட்டினார். தம்பி, உன் மாமா அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்துக் கைதட்டினார். அவருக்கு மஞ்சளைவிடச் சிவப்பு பெரிய மரியாதை என்று தோன்றியது. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் கை நின்றது. மாலையைக் கழற்றாமலேயே நீ வெளியே நடந்தாய்.

மிச்ச ஆட்டத்தை நீ பார்க்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்பதை வைத்தே தெரிந்துகொண்டாய். உங்கள் அணியில் மிச்சம் நின்ற பத்துப் பேரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவர்கள் இரண்டு போட்டார்கள். ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போனார்கள். சென்னைக் கோச் அதற்கப்புறம் உன் போனை எடுக்கவில்லை. உன்னோடு ஆடிய பையன்கள் ஒரு வாரம் உன்னிடம் பேசவில்லை, அப்புறம் பேசினார்கள், அதற்குள் நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். உள்ளூரில் பி.காம். சேர்ந்தாய். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆனாய், கை நிறையச் சம்பளம் வாங்குகிறாய். பார்க்கிறவர்கள் உனக்கு என்ன குறை என்பார்கள். கோயில் திருவிழாவில் பசங்கள் உருட்டிவிட்ட பந்து உன் காலடியில் வந்து நின்றபோது, நீ அதைக் கையால் எடுத்து எறிந்ததை நான் பார்த்தேன்.

மாமாவும் நானும் அந்த ரெஃப்ரியைத் தேடிப் போனது உனக்குத் தெரியாது. நத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மாமா ஒரு தார் வாழைப்பழம் தூக்கிக்கொண்டு வந்தார். "தப்பு என்னோடது சார். புள்ள ஓடிட்டுத்தான் இருந்தான், நாந்தான் நிப்பாட்டுனேன். என்னய வேணும்னா எந்த கிரவுண்டுக்குள்ளயும் விடாதீங்க. அவனுக்குக் குடுத்ததத் திருப்பி வாங்கிக்கங்க" என்றார். அந்த மனுஷன் நல்லவர்தான். காப்பி கொடுத்தார். அதற்கு முந்தின வருஷம் இப்படித்தான் கோல் போட்டவனை ஊர்க்காரர்கள் உள்ளே போய்த் தூக்க, எதிர் ஊர்க்காரர்கள் கல்லெடுக்க, ஒரு பையனுக்குக் கண் போயிற்றாம். அதனால்தான் இத்தனை கெடுபிடி என்றார். "எனக்கும் தாய்மாமன் இருக்காருங்க ஐயா. அவன் குனிஞ்சப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சு. ஆனா அவன் நின்னான், வாங்கிக்கிட்டான், கூட்டம் உள்ள வந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. காட்டுனது காட்டுனதுதான்" என்றார். அவர் மேல் கோபப்படலாம் என்றுதான் நான் போனேன். அதற்கும் வழியில்லாமல் திரும்பினேன். வரும் வழியில் பஸ்ஸில் மாமா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவென் விலகி ஓடிருந்தா நான் கோவிச்சிருப்பேனா பாப்பா?" என்று கேட்டார். கோபித்திருப்பார். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அதனால்தான் நீ நின்றாய்.

உன் கோபம் மாமா மேல் இருப்பதைவிட நீ நின்றதன் மேல்தான் அதிகம் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம், நான் மாவு அரைப்பவள். ஆனால் கெடுதல் செய்தவனைத் திட்டித் தீர்த்துவிடலாம், ஆசையாக வந்து கெடுத்தவரை என்ன செய்வது என்று உனக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் தீபாவளிக்கு அவர் எடுத்துவரும் சட்டை பிரிக்காமல் என் பீரோவில் கிடக்கிறது. உன் அளவு இப்போது என்ன என்று என்னிடம்தான் கேட்டு எடுப்பார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நான் பார்த்தவரையில் காலம் எதையும் ஆற்றவில்லை, வயதை மட்டும் ஏற்றிவிட்டது. எனக்கு இப்போது இரண்டு படி அரிசியைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. அவருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது.

கல்யாணம் ஆகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். சொல்கிறேன், நீ கேட்பாய் என்று இல்லை. வரப்போகிற பெண் நல்லவள், கொஞ்சம் வாயாடி, எனக்குப் பிடித்திருக்கிறது. அவளும் ஒருநாள் உன் மேல் உள்ள ஆசையில் ஏதாவது செய்து உன் காரியத்தைக் கெடுப்பாள். வேண்டாதவர்களுக்கு நம்மைக் கெடுக்க நேரமே கிடைப்பதில்லை, வேண்டியவர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். அன்றைக்கு அவளைத் திட்டிவிடு, தட்டைக்கூடத் தூக்கி எறி, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அப்புறம், நல்லது நடக்கும்போது சிரி. நிச்சயத்தன்று எடுத்த போட்டோவில் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ மட்டும் அன்றைக்கு நடுக்கோட்டுக்கு ஓடிய முகத்தோடு நிற்கிறாய். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று அவர்கள் வீட்டில் ஒரு கிழவி கேட்டாளாம். அவளுக்கு நான் என்னவென்று சொல்வது?

சரி, நீ சொன்ன காரியத்துக்கு வருகிறேன். மாமாவுக்குப் பதில் மாலை போட, தொப்பம்பட்டியில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் போனில் கேட்டேன். முறைக்கு அவரும் உனக்கு மாமன்தான். "ஏனுங்கக்கா, கூடப் பொறந்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ நான் போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? ரெண்டு பேருக்கும் என்ன சண்டைங்க?" என்றார். சண்டை ஒன்றும் இல்லை, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நேற்றுக் காலையில் ஆத்தூர் பஸ் ஏறி அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். நான் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததுமே அவர் பூப் பறிப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு இத்தனை வேலையை வைத்துக்கொண்டு நான் தனியாக வந்திருக்கிறேன் என்றால் எதற்கு என்று அவருக்குத் தெரியாதா?

"மாலதான, போடல பாப்பா" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. அப்புறம் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் இல்லை. "கடைசில எங்கயாச்சும் ஒரு சேர்ல ஒக்காந்துக்கிறவா? அவென் கண்ணுல படமாட்டேன்" என்றார். நான் உன் அம்மா. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். மண்டபத்துக்கே வர வேண்டாமாம் அண்ணே என்றேன். என் வாயிலிருந்து அது இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். ஒரு குறையும் சொல்லவில்லை. நீ நன்றாக இருந்தால் சரி என்றுகூடச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் அழுதிருப்பேன்.

அப்புறம் அவராகவே ஒரு யோசனை சொன்னார். "தாய்மாமன் உசுரோட இருந்துட்டு வரலைன்னா புள்ளையத்தான் பேசுவாய்ங்க. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி அவனுக்குத் தலகுனிவு. எனக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிருவோம்" என்றார். என்ன உடம்புக்கு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். நெஞ்சு வலி என்றால் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். காய்ச்சல் என்றால், காய்ச்சலோடு வந்து ஒரு நிமிஷம் மாலை போட்டுவிட்டுப் போனால் என்ன என்பார்கள். கடைசியில் சர்க்கரையில் கால் வீங்கி நடக்க முடியவில்லை என்று முடிவு செய்தோம். யாரும் சந்தேகப்படாமல் இருக்க, நாளையிலிருந்தே பூ மார்க்கெட்டுக்கு வரமாட்டாராம், பூவை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்புவாராம். தொப்பம்பட்டிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், அவர் மாலை போட ஒத்துக்கொண்டார். நீ கேட்டது அப்படியே நடக்கும், நிம்மதியாக வா. கால் வீக்கம், இடது கால். மண்டபத்தில் யாராவது மாமா எங்கே என்று கேட்டால் நீயும் அதையே சொல்.

அம்மா